கோடும் கூறும்

குருநகர்ச் சந்தையில் மீன் விற்ற பெண்களுள் தராசு வைத்திராதவள் ஸ்ரெல்லா. சாக்கை விரித்து, மீனைக் கூறு கூறாகப் பிரித்து வைப்பாள். ஒரு கூறுக்கு ஒரு விலை. சூடை போன்ற சின்ன மீனென்றால் கூறொன்றில் பத்துப் பன்னிரண்டு கிடக்கும். விளைமீன் என்றால் மூன்றோ நான்கோ. கண் மதித்ததைக் கை வைக்கும். "எத்தினை இறாத்தல் வரும்?" என்று யாராவது கேட்டால், "கண்ணாலை பாருங்கோ, கையாலை தூக்குங்கோ, பிறகு கதையுங்கோ" என்பாள். வாய் கொடுத்து அவளிடம் மீண்டவர் குறைவு.

அந்த வாய் 1986ஆம் ஆண்டு ஆனி மாதத்தோடு அடங்கிப் போயிற்று. அம்மாதத்தில் ஒருநாள் விடியற்புறம் கடலுக்குப் போன அவள் கணவன் லியோன் திரும்பி வரவில்லை. அவனோடு போனவர்களும் வரவில்லை. லியோனின் தமக்கை மக்டலீன் கோயில் முற்றத்தில் விழுந்து புரண்டு அழுதாள். ஸ்ரெல்லா கொடியிற் காய்ந்துகொண்டிருந்த வலையை எடுத்து மடித்து உள்ளே வைத்தாள். மழைக் குணமாய் இருந்தது என்று பின்னர் காரணம் சொன்னாள். மழை வரவில்லை. அழுகையும் வரவில்லை.

"கல்லும் ஒருநாள் கசியும், உவள் கசியமாட்டாள்" என்று முதலாண்டில் மக்டலீன் அயலாரிடம் சொல்லித் திரிந்தாள். பிறகு அதைச் சொல்வதையும் விட்டாள். ஸ்ரெல்லாவுக்குப் பிள்ளைகள் இல்லை. மக்டலீன் மணம் முடிக்காதவள். மச்சாளும் மச்சாளுமாக ஒரே வீட்டில், ஒரே உலையில் காலம் போயிற்று.

மறு ஆண்டு ஸ்ரெல்லாவுக்கு ஓயாத தாகம் பிடித்தது. உடம்பு வற்றியது. நீரிழிவு என்றார்கள். விழுங்கும் குளிசைக்கு அது கட்டுப்படவில்லை. ஊசி மருந்து எழுதினார்கள். காலையில் ஒருமுறை போட்டால் மறுநாட் காலைவரை உடம்பினுள் மெல்ல மெல்ல வேலை செய்யும் நீண்டநேர இன்சுலின் அது. பால்போற் கலங்கிய மருந்து. கொடுத்த அட்டையில் "20" என்று எழுதி, அருகில் ஆங்கிலத்தில் ஏதோ கிறுக்கியிருந்தது. மருந்து கொடுத்த மனிதர் நல்லவர். அட்டையை விளக்கப் புகுந்தால் பின்னால் நின்ற வரிசை குழம்பிவிடும் என்று கண்ணாடி ஊசியைத் தூக்கிக் காட்டினார்.

"இஞ்சை பாருங்கோ அக்கா. இதிலை இருபது கோடு இருக்கு. நீங்கள் பத்துக் கோடு இழுங்கோ. பாதி. விளங்கிச்சோ?"

"ஓம்."

"போத்தலைக் குலுக்கக் கூடாது. உள்ளங்கையிலை வைச்சு உருட்டுங்கோ. ஊசி போட்டால் அரை மணித்தியாலத்துக்குள்ளை சாப்பிட்டுப்போட வேணும்."

"ஓம்."

அந்நாள் முதல் அவளுடைய மருந்துக்குப் பெயர் பத்துக் கோடு. "பத்துக் கோடு போட்டிட்டியோ?" என்று மக்டலீன் கேட்பாள். "போட்டிட்டன்" என்பாள் ஸ்ரெல்லா. வீட்டில் அன்றாடம் நடந்த உரையாடல் பெரும்பாலும் இவ்வளவே. ஊசியைக் கொதிநீரில் அவிப்பாள், போத்தலை உருட்டுவாள், ஒருநாள் வலத்தொடை என்றால் மறுநாள் இடத்தொடை. ஒருநாளும் தவறவில்லை. உயிர்மேல் உள்ள ஆசையால் அவள் அதைச் செய்தாள் என்று சொல்வதற்கில்லை. முற்றம் கூட்டுவதுபோல அதுவும் காலையில் முடிக்கவேண்டிய ஒரு வேலையாய் இருந்தது. நோய் நாளடைவில் பாதங்களையும் மரக்கச் செய்தது. ஒருமுறை அடுப்பிலிருந்து தெறித்த தணலின்மேல் நின்றுகொண்டே சோறு வடித்தாள். புகை மணத்தை மோந்து ஓடிவந்து அவளை இழுத்தவள் மக்டலீன்.

தொண்ணூறாம் ஆண்டில் போர் மூண்டு, குருநகரில் இருக்க முடியாமற் போயிற்று. இருவரும் ஓலைப் பாயும் சட்டியும் மாதா சுரூபமுமாக மானிப்பாய்க்கு வந்து, சீவரத்தினம் என்பவருடைய வளவின் பின்புறத்து அறையில் ஒதுங்கினார்கள். சீவரத்தினம் வாடகைக் கார் ஓடியவர். பெற்றோல் இல்லாத காலமாகையால் அவருடைய மொறிஸ் மைனர் நாலு துளி பெற்றோலில் உயிர் பெற்று, பிறகு மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடிற்று. புது மீன் உள்ளூருக்கு வருவது அருகியதால் ஸ்ரெல்லா மானிப்பாய்ச் சந்தையிற் கருவாடு விற்றாள். அங்கும் தராசு இல்லை, கூறுதான்.

மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது. மின்சாரம் நின்றபின் போத்தலை ஈரமணல் நிரப்பிய மண்முட்டிக்குள் புதைத்து, நிழலில் வைத்துக் காப்பாற்றினாள். ஒரு போத்தலுக்கு அடுத்த போத்தல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இலண்டனிலிருந்த தன் மற்றத் தம்பி அடைக்கலநாதனுக்கு மக்டலீன் கடிதம் எழுதினாள். தொண்ணூற்றிரண்டு வைகாசிக் கடைசியிற் கொழும்பிலிருந்து வந்த ஒரு பெண் மூன்று போத்தல்களைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"உங்கடை தம்பி ஊசியும் ஒரு கட்டு அனுப்பினவர். வழியிலை ஊசியைக் கண்டால் ஆயிரம் கேள்வி கேப்பினம் எண்டு நான் கொழும்பிலையே விட்டிட்டு வந்திட்டன். உங்களிட்டை ஊசி இருக்குத்தானே?"

"இருக்கு" என்றாள் ஸ்ரெல்லா.

பழைய போத்தல் முடிந்ததற்கு அடுத்த காலை, லியோனின் ஆறாம் ஆண்டுப் பூசை. ஸ்ரெல்லா முட்டிக்குள்ளிருந்து புதுப் போத்தலை எடுத்தாள். பழையதில் 40 என்று ஓர் இலக்கம் இருந்தது. இதில் 100 என்று இருந்தது. இலக்கம் அவளுக்குத் தெரியும். நாற்பதின் பொருளை ஐந்து ஆண்டுகளாக யாரிடமும் கேட்டதில்லை. நூறின் பொருளையும் கேட்கத் தோன்றவில்லை. இலண்டன் மருந்து, விலை கூடவாக்கும் என்று எண்ணினாள். உருட்டினாள். பத்துக் கோடு இழுத்தாள். போட்டாள். இடியப்பம் இரண்டைத் தின்றுவிட்டுக் கோயிலுக்குப் போனாள். பூசையில் மக்டலீன் விம்மினாள். ஸ்ரெல்லா முன்வரிசை வாங்கில் இருந்த ஒரு கிழவியின் சேலைக் கிழிசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூசை முடிந்து சந்தைக்குப் போனாள். மத்தியானம் கொண்டுபோன சோற்றைத் தின்றாள். மூன்று மணியளவில் வியர்த்துக் கொட்டியது. ஆனி வெயில்தானே என்றிருந்தாள். நெத்தலிக் கருவாட்டைக் கூறு வைத்த கை, வைத்ததை அள்ளித் திரும்பக் கொட்டியது, மறுபடியும் வைத்தது. காசு கொடுத்தவளிடமே கருவாட்டோடு காசையும் திருப்பிக் கொடுத்தாள்.

"என்ன ஸ்ரெல்லாக்கா, இண்டைக்குச் சும்மா குடுக்கிற நாளோ?" என்றாள் வாங்க வந்தவள்.

பக்கத்தில் வெற்றிலை விற்ற பராசக்தி எட்டிப் பார்த்தாள். "காலமை பூசைக்குப் போனவ. சுவாமியார் தன்ரை வைனிலை பாதியைக் குடுத்திட்டார் போலை."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஸ்ரெல்லாவும் அவர்களைப் பார்த்து, காரணம் தெரியாமற் சிரித்தாள். ஆறு ஆண்டுகளில் அவள் சிரித்ததை அன்றுதான் கண்டார்கள். அதைக் கண்டு பயந்த பராசக்தி எழுந்து வருவதற்குள், ஸ்ரெல்லா சாக்கின் மேலேயே சாய்ந்து விழுந்தாள்.

தூக்கி வந்து வீட்டிற் கிடத்தினார்கள். மக்டலீன் பனங்கட்டியைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாய்ப் பருக்கினாள். கண் திறந்தது, பேச்சுத் தெளிந்தது. "களைப்புத்தான்" என்று அயலார் கலைந்தார்கள். ஆனால், காலையில் உட்சென்ற மருந்து அந்தப் பனங்கட்டியோடு தீர்ந்து போகிற மருந்து அன்று. பொழுது சாயமுன் ஸ்ரெல்லா மீண்டும் வியர்த்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட மறுமொழி இல்லை. இம்முறை விழுங்கவும் முடியவில்லை. வாயில் ஊற்றியது கடைவாயால் வழிந்தது. சீவரத்தினம் காரைத் தள்ளிக் கிளப்பினார்.

ஆசுபத்திரியிற் குளுக்கோசு ஏற்றினார்கள். மறுநாள் மத்தியானம்வரை குழாயைக் கழற்றவில்லை. நினைவு முழுதாய்த் திரும்பியபின் டாக்டர் பத்மாசினி கட்டிலருகில் வந்து நின்றார். முப்பது வயதுக்குள் இருக்கும், நித்திரையில்லாத கண்கள்.

"அம்மா, நேற்றுக் காலமை எவ்வளவு போட்டனீங்கள்?"

"பத்துக் கோடு."

"வழமையா எவ்வளவு?"

"பத்துக் கோடு."

டாக்டர் அட்டையைப் பார்த்தார். பத்துக் கோடு என்றால் மருந்தின் அளவில் இருபது யூனிற்; அட்டையிலும் இருபதுதான். இருபது யூனிற் ஒருத்தியை இவ்வளவு ஆழத்துக்கு இழுத்துப் போகாது. அட்டையைக் கட்டிலின்மேல் வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நேற்று உங்கடை அவரின்ரை ஆண்டுப் பூசை எண்டு மச்சாள் சொன்னவ. மறைக்காமல் சொல்லுங்கோ. வேணுமெண்டு கூடப் போட்டனீங்களோ?"

ஸ்ரெல்லா அந்தக் கேள்வியை யோசித்துப் பார்த்தாள். வேணுமெண்டு. ஆறு ஆண்டுகளில் வேணுமென்று தான் செய்த செயல் ஒன்றையேனும் நினைவுக்குக் கொண்டுவர முயன்றாள். வலையை மடித்தது, மானிப்பாய்க்கு வந்தது, கருவாடு விற்றது, எதையும் வேணுமென்று செய்ததாகத் தோன்றவில்லை. அந்தச் சொல்லை எங்கே வைப்பது என்று தெரியாமற் பேசாதிருந்தாள். பேசாதிருந்ததை ஓம் என்று டாக்டரும் எடுத்துக்கொண்டார். கதவடியில் நின்ற மக்டலீனும் எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த அன்றே மக்டலீன் ஊசியைப் பறித்து, மாதா சுரூபம் இருந்த பெட்டிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பிற் செருகினாள்.

"உன்னட்டை இனி ஊசி இல்லை. என்ரை தம்பியைக் கடல் கொண்டுபோச்சுது. உன்னை நீயே கொண்டுபோக நான் விடமாட்டன்."

ஸ்ரெல்லா "ஓம்" என்றாள்.

நாடோறும் காலையில் மக்டலீன் அவளை ஆசுபத்திரிக்கு நடத்திக்கொண்டு போனாள். அங்கே தாதி ஒருத்தி, அங்கிருந்த போத்தலிலிருந்து மருந்தை எடுத்துப் போட்டாள். ஒருநாளும் மயக்கம் வரவில்லை. அது மக்டலீனின் ஐயத்தை உறுதியாக்கிற்று: மற்றவர் கையாற் போட்டால் ஒன்றுமில்லை, இவள் கையாற் போட்டால்தான் மயக்கம். சந்தையில் கதை பரவிற்று. பராசக்தி தன் வெற்றிலைக் கத்தியைக்கூட ஸ்ரெல்லாவின் பக்கம் வைக்காமல் மறுபக்கம் தள்ளி வைத்தாள். ஸ்ரெல்லா அதைக் கண்டாள். கண்டதோடு சரி.

பத்தாம் நாள் தாதி கையை விரித்தாள். "எங்கடை போத்தலும் சனிக்கிழமையோடை முடியுது. கப்பல் வந்தால்தான் இனி."

"இலண்டன் போத்தல் மூண்டு கிடக்கு" என்றாள் ஸ்ரெல்லா.

"அந்த விசத்தைக் கதையாதை" என்றாள் மக்டலீன். வீட்டுக்கு வந்ததும் மூன்று போத்தல்களையும் கிணற்றடியில் உடைத்து ஊற்றப் போவதாகச் சொன்னாள். மருந்தை வைத்திருந்தால் ஸ்ரெல்லா தன் கையாற் சாவாள்; ஊற்றிவிட்டால் மருந்தின்றிச் சாவாள். இரண்டும் மக்டலீனுக்குத் தெரிந்தேயிருந்தது. ஆகையால், ஊற்றப் போகிறேன் என்று இரண்டு நாளாய்ச் சொல்லிக்கொண்டே இருந்தாள், ஊற்றவில்லை.

வெள்ளிக்கிழமை. கொடிகாமத்துப் பக்கமிருந்து வந்த வியாபாரி ஒருவன் பாரைக் கருவாடு கொண்டுவந்தான். ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம். ஸ்ரெல்லா கூறுக்கு நான்காக வைத்தாள். வழமையாய் வாங்கும் ஒரு மனிசி வந்து குனிந்தாள்.

"என்னடியப்பா அநியாயம்? போன கிழமை கூறுக்குப் பத்து. இண்டைக்கு நாலோ?"

"மீன் பெரிசு" என்றாள் ஸ்ரெல்லா, நிமிராமல்.

"பெரிசெண்டாலும் நாலு நாலுதானே?"

"கூறு எண்ணிறதுக்கில்லை. போன கிழமைச் சின்னன் பத்தும் சரி, இந்தப் பெரிசு நாலும் சரி. இதிலை பத்து வைச்சனெண்டால்…"

சொன்னவள் நின்றுவிட்டாள். வாங்க வந்தவள் இரண்டு தரம் விலை கேட்டாள். ஸ்ரெல்லா கருவாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சாக்கின் நான்கு முனைகளையும் சேர்த்துக் கட்டினாள். "பராசக்தி, இதைப் பாத்துக்கொள்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள். வழியிற் காலில் முள் தைத்தது அவளுக்குத் தெரியவில்லை.

பழைய வெற்றுப் போத்தலை அவள் எறிந்திருக்கவில்லை. வேப்பெண்ணெய் விட்டு வைத்திருந்தாள். அதையும் புதியதையும் எடுத்துக்கொண்டு ஆசுபத்திரிக்குப் போனாள். மக்டலீன் ஏனென்று தெரியாமல் பின்னாலேயே ஓடிவந்தாள். டாக்டர் பத்மாசினி வெளிநோயாளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்ரெல்லா இரண்டு போத்தல்களையும் மேசையில் வைத்தாள்.

"டொக்ரர் அம்மா, இதிலை நாப்பது. இதிலை நூறு. இந்தப் போத்தலிலை மீன் பெரிசோ?"

"என்ன மீன்?" என்றார் டாக்டர்.

"கோடு எண்டுறது கூறு மாதிரி. கூறு ஒண்டுதான்; உள்ளை கிடக்கிறது ஒண்டில்லை. நான் பத்துக் கோடு போட்டனான். எப்பவும் அதுதான் போடுறனான். மீன் பெரிசெண்டு எனக்குத் தெரியாது."

டாக்டர் புதுப் போத்தலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு தாளை இழுத்து எழுதத் தொடங்கினார். ஊசி நிறையப் பழைய மருந்தென்றால் நாற்பது யூனிற், இது நூறு. பழைய மருந்தில் ஒரு கோட்டுக்கு இரண்டு யூனிற். இதில் ஒரு கோட்டுக்கு ஐந்து. பத்துக் கோடு ஐம்பது. எழுதி முடித்தபின்னும் பேனையை மூடவில்லை.

"நீங்கள் போட்டது ஐம்பது யூனிற். இரண்டரை மடங்கு." தாளை ஸ்ரெல்லாவின் பக்கம் திருப்பி, "எந்தப் போத்தல் எண்டு அண்டைக்கு நான் கேட்டிருக்க வேணும். வேறை ஒண்டைக் கேட்டன்" என்றார்.

ஸ்ரெல்லா தாளிலிருந்த இலக்கங்களைப் பார்த்தாள்.

"இந்த மருந்து பழுதில்லை. உங்கடை ஊசியாலை எடுத்தால் நாலு கோடு. ஆனால் இனிமேல் கோடு எண்டு கதைக்க வேண்டாம். உங்களுக்கு இருபது யூனிற். எந்தப் போத்தல் வந்தாலும் இருபது யூனிற். புதுப் போத்தல் வந்தால், போட முதல் அதிலை இருக்கிற இலக்கத்தை எங்களிட்டைக் காட்டிக் கேளுங்கோ, எத்தினை கோடு எண்டு. சொல்லுங்கோ பாப்பம், உங்களுக்கு எவ்வளவு?"

"இருபது யூனிற்."

"மடியிலை பனங்கட்டித் துண்டு ஒண்டு எப்பவும் இருக்கட்டும். வியர்த்தால் வெயில் எண்டு நினைக்காமல் வாயிலை போடுங்கோ. இந்த மருந்து ஒரு நாள் முழுக்க நிக்கும். தெளிஞ்சிட்டுது எண்டு சாப்பிடாமல் இருந்திட வேண்டாம், உடனை இஞ்சை வாங்கோ." டாக்டர் மக்டலீன் பக்கம் திரும்பினார். "ஊசி ஆரிட்டை?"

மக்டலீன் இடுப்பைப் பொத்திக்கொண்டாள்.

"அதை அவவிட்டைக் குடுங்கோ. பிழை கையிலை இல்லை. சொல்லிலைதான்."

திரும்பும் வழியில் மக்டலீன் பின்னால் நடந்தாள். ஸ்ரெல்லாவின் நடையோடு இரத்தச் சுவடு வருவதைக் கண்ட மக்டலீன் அவளை மதிலோரம் இருத்தி, காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, முள்ளைப் பிடுங்கினாள். நீள முள். ஸ்ரெல்லாவின் முகத்தில் அசைவில்லை.

"உண்மையைச் சொல்லு. அண்டைக்கு டொக்ரர் கேக்க ஏன் இல்லையெண்டு சொல்லேல்லை? நான் பத்து நாளாய் நித்திரை கொள்ளேல்லை."

"வேணுமெண்டோ எண்டு கேட்டவ. எனக்குச் சாக வேணுமெண்டும் வரேல்லை மச்சாள். இருக்க வேணுமெண்டும் வரேல்லை. பத்துக் கோடு எண்டுதான் வந்தது. அதைத்தான் போட்டனான்."

மக்டலீன் முள்ளை மதிலுக்கு அப்பால் எறிந்தாள். "என்ன மனிசியடி நீ" என்றாள். அவளுடைய குரலிற் கோபம் இருக்கவில்லை.

சனிக்கிழமை ஆசுபத்திரிப் போத்தல் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை மக்டலீன் பெட்டியைத் திறந்து ஊசியை எடுத்துக் கொடுத்தாள். கொடுத்தவள் போகவில்லை. புட்டும் சம்பலும் வைத்த கோப்பையை முதலில் ஸ்ரெல்லாவுக்கு முன்னால் வைத்துவிட்டு, எதிரே குந்திக்கொண்டாள். ஸ்ரெல்லா ஊசியை அவித்தாள்; போத்தலை உள்ளங்கைகளுக்கிடையில் வைத்து உருட்டினாள்; இழுத்தாள். நான்கு கோடு. கண்ணாடிக் குழாயின் அடியில் மருந்து ஒரு துளிபோலக் கிடந்தது. ஐந்து ஆண்டுகளாய்ப் பாதி நிறைந்திருந்த குழாய். கைக்கு அது வெறுமையாய்ப் பட்டது. கட்டைவிரல் தண்டை இன்னும் மேலே இழுக்கப் பார்த்தது.

"எவ்வளவு?" என்றாள் மக்டலீன்.

"இருபது யூனிற்."

"பாக்க இவ்வளவு காணாது போலை கிடக்கு."

"ஓம். காணாது போலைதான் கிடக்கு."

கட்டைவிரலை எடுத்தாள். ஊசியை மக்டலீனின் கண்ணெதிரே நிமிர்த்திப் பிடித்தாள். மக்டலீன் செபமாலை மணியைத் தள்ளுவதுபோல விரலால் ஒவ்வொரு கோடாய்த் தொட்டாள்: ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு. அதற்குமேல் தொடவில்லை.

ஸ்ரெல்லா இடத்தொடையில் போட்டாள். வலித்ததோ இல்லையோ தெரியவில்லை. கோப்பையை இழுத்து மடியில் வைத்து, புட்டைப் பிசைந்து, முதற்பிடியை வாயில் வைத்தாள்.

"உப்புக் கூடவோ?" என்றாள் மக்டலீன்.

ஸ்ரெல்லா மென்று விழுங்கினாள். சற்று யோசித்தாள்.

"ஓம்," என்றாள். "கொஞ்சம் கூட."